கஜூர் சஞ்சீவி

என் அக்கா விஜயகுமாரிக்கு எச்சில் என்றாலே ஆகாது. நான் கடித்த மாங்காயை அவள் சின்ன வயதில்கூடத் தொட்டதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சோற்றுக் கையால் சொம்பை எடுத்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. ஹோட்டலில் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்வாள். கொதிக்கிற காபியை அப்படிக் குடிக்கிற வித்தை அவளுக்கு மட்டும்தான் வரும். போர்ட் பிளேயர் ஷாதிபூரில் எங்கள் தெருவில் பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லாக் குடும்பமும் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் "தீதிக்கு அலக் கிளாஸ்" என்று தனியாக ஒன்றை அலசி எடுத்து வருவார்கள்.

அப்படிப்பட்டவள் ஊரார் துப்பியதைக் குடித்தாள். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. உங்களுக்கும் புரட்டினால் சந்தோஷம். நான் ஒருத்தி மட்டும் ஏன் அனுபவிக்க வேண்டும்?

அதைக் குடிக்கக் கொடுத்தவர் அவள் கணவர் குழந்தைவேலு. நான் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன், முறை அப்படி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கிய மனிதர். எங்கள் குடும்பம் அதற்கு முன்பே இங்கே வேர்விட்டது. ஆளும் வாட்டசாட்டம், பேச்சும் வாட்டசாட்டம் என்று அப்பா பெண்ணைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அத்தான் தண்ணீர்க் கேன் போட்டார், டூரிஸ்ட்டுகளுக்குத் தேங்காய்ச் சிரட்டை பொம்மை விற்றார், மெயின்லேண்டிலிருந்து கோழித் தீவனம் இறக்கினார். எல்லாம் மூழ்கின. வாய் மட்டும் எந்தத் தொழிலிலும் நஷ்டப்படவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் கோயிலில் பஞ்சாமிர்தம் போடுவோம். மூட்டை மூட்டையாகப் பேரீச்சம்பழம் கப்பலில் வரும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டையை நீக்கிக் கொடுக்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுக்கும் வேலை. அந்த வருஷம் குப்பைக்குப் போக வேண்டிய கொட்டைக் குவியலை அத்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அந்தப் பார்வையை அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ஏம்மா ஷோபா, இவ்வளவு கொட்டையும் கச்சடாதானா? இதுல சத்து கித்து ஒண்ணும் கிடையாதா? உன் லேப்ல போட்டுப் பாரேன்."

நான் இங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் பிரிவில் லேப் டெக்னீஷியன். உடம்புக்குள் சில மூலக்கூறுகள் வெறிபிடித்த மாதிரி அலைந்து கண்டதையும் அரிக்கும். அவற்றை அடக்குகிற பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பேர். அது இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கரு ஊதாத் தூளை ஆல்கஹாலில் கரைத்து வைத்து, அதில் நம் சாற்றைச் சொட்டு விட வேண்டும். ஊதா வெளுத்து மஞ்சளானால் சரக்கு இருக்கிறது, ஊதாவாகவே நின்றால் இல்லை. பழத்தின் சதைச் சாற்றை விட்டேன், மெல்ல வெளுத்தது. கொட்டையைக் காயவைத்து இடித்து எடுத்த சாற்றை விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா ஓடி ஒளிந்தது. பழத்தை விடக் கொட்டை கெட்டி. எனக்கே ஆச்சரியம்.

ஆனால், குழாயில் நிறம் மாறுவது குழாயில் நிறம் மாறுவது மட்டும்தான். தேயிலையும் அப்படி மாற்றும், மாதுளைத் தோலும் மாற்றும். கண்ணாடிக் குழாய்க்குச் சர்க்கரை வியாதி கிடையாது, கால் கிடையாது, கட்டிய கணவனும் கிடையாது. வயிற்றுக்குள் போய் இது என்ன செய்யும், செய்யுமா செய்யாதா என்பதெல்லாம் வேறு கதை. இதை அத்தானிடம் தமிழில் சொன்னேன், அவருக்குப் பிடித்த இந்தியிலும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டார். பிறகு, நான் 'ஆனால்' என்று ஆரம்பித்த இடத்தில் கச்சிதமாக வெட்டிவிட்டார்.

அடுத்த மாதமே அத்தான் ஒரு சின்னக் கடை பிடித்தார், 'வேலன் கஜூர் சஞ்சீவி' வந்துவிட்டது. இங்கே பேரீச்சம்பழத்துக்கு எல்லோரும் சொல்லும் பேர் கஜூர்தான். வறுத்த கொட்டைப் பொடி, பளபளக்கும் பாக்கெட், மேலே மயில். வெந்நீரில் கலந்தால் காபி மாதிரி இருக்கும், சர்க்கரை இறங்கும், முட்டி வலி போகும், முடி கறுக்கும். வீடியோவில் என் வெள்ளைக் கோட்டும் கையும் தெரியும், முகம் தெரியாது. "காலேஜ்ல டெஸ்ட் பண்ணுன ஐட்டம், பாய். ஊதா மஞ்சள் ஆகுது பாருங்க, உங்க ரத்தத்துலயும் இதேதான்" என்று அத்தான் சொல்வார். நான் போய்ச் சண்டை போட்டேன். "உன் முகத்தக் காட்டலையே, அப்புறம் என்ன?" என்றார். வீடியோவை எடுக்கவில்லை. எவ்வளவு திட்டினாலும் துடைத்துப் போட்டுவிட்டுச் சிரிக்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

வீடியோகூடப் பெரிதில்லை. அவருடைய பெரிய விளம்பரம் என் அக்கா. அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, இன்சுலின் ஊசியில்தான் வண்டி ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முன்னறையில் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, "எங்க வீட்டுக்காரி ஊசி போட்டுக்கிட்டிருந்தவ. இப்ப ஊசி பந்த். மாத்திரையும் பந்த். இது மட்டும்தான்" என்பார். அக்கா டம்ளரை எடுத்து எல்லார் முன்னாலும் அண்ணாந்து குடித்துக் காட்டுவாள். ஜனம் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிப் போகும்.

"அக்கா, ஊசியை விடாதே. இந்தப் பொடி வேணும்னா காபிக்குப் பதிலாக் குடிச்சுத் தொலை. ஊசிக்குப் பதிலா இல்ல."

"ரெண்டும் சேந்தா சுகர் ஒரேயடியா இறங்கி மயக்கம் போட்ருமாம்டி. அவுக சொல்லுறாக."

"அவுக டாக்டரா?"

"நீயும் டாக்டர் இல்லையே. நீ டெஸ்ட் பண்ணுனதத்தான அவுக சொல்லுறாக?"

விரலில் குத்தி ரத்தம் பார்க்கிறேன் என்றால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட ஆரம்பித்தாள். போர்ட் பிளேயர் புழுக்கத்தில் வீட்டுக்குள் சாக்ஸ்! கேட்டால் பித்தவெடிப்பு என்றாள். கிட்டே போனால் தைல வாசனை மூக்கைத் துளைக்கும். அந்தத் தைலத்துக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவளை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடுதான் நான் அந்த நாட்களில் நடமாடினேன்.

என் கணவர் விஜயராஜுக்கு வேறொரு தீவில், ஹட் பேயில் வேலை. அவரைப் பார்க்கப் போக டிக்கெட் எடுக்க ஒரு நாள் கப்பல் ஏறும் ஜெட்டிப் பக்கம் போனேன். கப்பல் டிக்கெட் வரிசை என்பது இந்தத் தீவில் பிறந்த எல்லாருக்கும் பழகிய தண்டனை. வரிசை நகரும் வேகத்தில் பிள்ளை பெற்று வளர்த்துவிடலாம். அந்த வரிசைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து ஒரு மேஜை போட்டிருந்தது. மேலே 'கஜூர் சேவா' என்று இந்தியில் ஒரு துணி. மேஜைமேல் அட்டைப் பெட்டியில் பேரீச்சம்பழம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தின்னலாம். பழம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தது. கப்பல் அடித்தளத்தில் கடல்நீர் பட்டு, கடைக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்கு என்று வாசனையிலேயே தெரிந்தது. மேஜைக்குக் கீழே ஒரு நீலப் பக்கெட். அதில் இந்தியிலும் தமிழிலும் எழுதியிருந்தது: 'கொட்டையை இதில் போடவும். சுத்தம் காப்போம்.'

நல்ல காரியம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பழத்தை வாயில் போட்டுச் சப்பினார். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு உருட்டினார். கொட்டையில் ஒரு நார்கூட மிச்சம் வைக்காமல் உறிஞ்சிவிட்டு, குனிந்து பக்கெட்டில் துப்பினார். கூடவே வாயில் ஏற்கெனவே இருந்த பான் சாறும் போனது. அடுத்தவர் இருமிக்கொண்டே துப்பினார். ஒரு அம்மா தன் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்து உள்ளே உதறினாள். எட்டிப் பார்த்தேன். கொட்டைகள் சிவப்பும் நுரையுமாக ஊறிக் கிடந்தன. ஒரு பீடித் துண்டு மிதந்தது. ஈக்கள் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

"யே கிஸ்கா பக்கெட் ஹை?" என்று பெரியவரிடம் கேட்டேன், யாருடைய பக்கெட் என்று.

"குழந்தை பாய் கா. பஹுத் அச்சா ஆத்மி. ரோஜ் ஃப்ரீ மே கிலாத்தா ஹை."

அத்தானுடையது. நல்ல மனிதர், தினமும் இலவசமாகத் தின்னக் கொடுக்கிறார். வரிசையை விட்டு விலகி ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ரப்பர் கிளவுஸ். அத்தான்தான். பக்கெட்டைத் தூக்கி ஒரு கூடைக்குள் கவிழ்த்து, சாறு வடியும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கொட்டைகளைச் சாக்கில் கொட்டிக் கட்டினார்.

நான் போய் முன்னால் நின்றேன். அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அடடே, ஹட் பேக்கு டிக்கெட்டா? கிடைச்சுதா?"

"அத்தான், இந்தச் சாக்கு எங்கே போகுது?"

"எங்க போகும், நம்ம வீட்டுக்குத்தான். கோயில் கொட்டை ஒரு வாரம்கூட வரல, ஷோபா. ஆள் வச்சுப் பழத்தைப் பிதுக்கினா கூலி கட்டுப்படியாகாது. இந்தப் பழம் வேற கொழகொழன்னு இருக்கு, கையில நிக்காது. வாயில போட்டா பாரு, எவ்வளவு சாஃபா எடுத்துக் குடுக்குறானுங்க! சேவைக்குச் சேவையும் ஆச்சு."

"இது எச்சில் அத்தான்! துப்பினது!"

"கழுவுறோம்ல. அப்புறம் வறுக்குறோம். தீயில போனதுக்கப்புறம் எச்சில் ஏது? நீ படிச்சவ, நீயே இப்படிப் பேசலாமா? வேணும்னா ஒரு கைப்பிடி எடுத்துட்டுப் போ. உன் லேப்ல போட்டுப் பாரு. சத்து ஒரு பொட்டு குறைஞ்சிருந்தா என்னைக் கேளு."

எடுத்துக்கொண்டு போனேன். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி எடுத்தும், ஜெட்டிக் குழாயில் முழங்கை வரை கழுவியும், அன்றைக்கு அந்தக் கையால் என்னால் சாப்பிட முடியவில்லை. லேப்பில் கழுவி, காயவைத்து, இடித்து, சாறு எடுத்து, ஊதாவில் சொட்டு விட்டேன். மாறக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் விட்டேன். சனியன், அதே வேகத்தில் மஞ்சளானது. சுத்தமான கைகள் எடுத்ததா, சொத்தைப் பற்கள் சப்பியதா என்று அந்த ஊதாவுக்குத் தெரியாது. அத்தான் சொன்னது உண்மை. இதிலாவது அவர் பொய்யராக இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு நான் ஏங்கினேன்.

ஆனால் ஒரு நம்பிக்கை வந்தது. அக்காவிடம் சர்க்கரை, கால், கிட்னி என்று ஆயிரம் பேசியும் ஏறவில்லை. எச்சில் என்ற ஒரு வார்த்தை போதும். கேட்ட நிமிஷமே டம்ளரை வீசிவிட்டு வாந்தியெடுப்பாள், பிறகு பேசாமல் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவாள். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அத்தான் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் வெந்நீர் கொதிக்கவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு, பக்கெட், பான், பீடி, ஈ என்று ஒன்று விடாமல் சொன்னேன். வேண்டுமென்றே கூட்டிச் சொன்னேன்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்டி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"சாக்கு இங்கதான வருது. கழுவுறது யாரு, வறுக்குறது யாரு? நான்தான. மொதச் சாக்குலயே தெரியும். ஒரு பல்லு கெடந்துச்சு. சின்னப் புள்ளப் பல்லு. ரத்தத்தோட."

சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கு ராத்திரி பூரா கக்கிக்கிட்டே கெடந்தேன். மாட்டேன், செத்தாலும் குடிக்க மாட்டேன்னு சொன்னேன். அவுக என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாக, ஷோபா. இந்தத் தொழிலும் போச்சுன்னா கடல்ல விழுறதத் தவிர வழியில்லன்னாக. 'நானும்தான குமாரி தெனமும் கடையில குடிக்கிறேன், எனக்கென்ன சுகரா, ஒனக்காகத்தான் குடிக்கிறேன், நீ மட்டும் தனியாக் குடிக்க வேணாம்னுதான்'னாக. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல? கண்ண மூடிக்கிட்டு ஊத்திக்கிட்டேன். ஒவ்வொரு வாட்டியும் கொடலு மேல வரும். அவுகளும் இந்நேரம் குடிச்சிருப்பாகன்னு நெனச்சுக்கிருவேன். எறங்கிரும்."

கல்யாணமான பெண்கள் கணவன் சாப்பிட்ட இலையில் சாப்பிடுகிற வழக்கத்தைக்கூட, முதல் நாளே முடியாது என்று சொல்லி மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் இவள். அவளை எதைச் சொல்லி மடக்கியிருக்கிறார் பாருங்கள்! எனக்கு அந்தப் பக்கெட்டை விட, பானை விட, பல்லை விட, அத்தானின் அந்தக் கண்ணீர்தான் அதிகமாகக் குமட்டியது.

"அவர் குடிச்சு நீ பாத்திருக்கியா?" என்றேன்.

"கடையில குடிக்கிறாகன்னு சொன்னேன்ல."

"பாத்திருக்கியா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கொதிக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானே இரண்டு டம்ளரில் பொடியைப் போட்டுக் கலக்கினேன். வறுத்த வாசனை எழுந்தது. தெரியாதவர்களுக்கு அது நல்ல வாசனையாகத்தான் இருக்கும்.

முன்னறையில் வீடியோ முடிந்திருந்தது. என் வெள்ளைக் கோட்டு ஓடி மறைந்த டிவிக்கு முன்னால் அத்தான் நின்றிருந்தார். அக்கா சாக்ஸ் காலை இழுத்துக்கொண்டு தன் டம்ளரோடு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் இன்னொரு டம்ளரை அத்தானிடம் நீட்டினேன்.

"நீங்களும் குடிங்க அத்தான். ரெண்டு பேரும் சேர்ந்து குடிச்சா பாக்கிறவங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரும்."

"எனக்கெதுக்கும்மா? எனக்கு சுகர் இல்லையே" என்று சிரித்தார்.

"எதுக்கா? அக்காவுக்காகத் தினமும் கடையில குடிக்கிறீங்களாமே."

"ஆமாமா. இன்னைக்கும் குடிச்சாச்சு. கொஞ்சம் ஆசிடிட்டியா இருக்கு, அதான்."

"கோயி பாத் நஹி, குழந்தை பாய், ஏக் கிளாஸ் மே க்யா ஹோகா?" என்றார் முன் வரிசையில் இருந்த ஒருவர், ஒரு கிளாஸில் என்ன ஆகிவிடும் என்று. மற்றவர்களும் சிரித்து உற்சாகப்படுத்தினார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"குடிங்களேன்" என்றாள் மெதுவாக. "தெனமும் குடிக்கிறதுதான?"

இத்தனை பேருக்கு முன்னால் அவருக்கு வேறு வழி இல்லை. டம்ளரை வாங்கினார். சிரிப்பு அப்படியே உதட்டில் நிற்க, டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூக்குத் துவாரம் விரிந்தது. ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டை அதை வாங்கவே மாட்டேன் என்றது. வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். காலையில் தின்ற இட்லி முதற்கொண்டு அவர் வெளியே கொட்டியது முன்னறை வரை கேட்டது. காறினார், கொப்பளித்தார், நாக்கை விரலால் வழித்தார், மறுபடி காறினார். அது பழகாதவனின் வாந்தி. அந்தப் பொடி ஒரு நாளும் அந்த நாக்கில் பட்டதில்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் குடிக்கிறேன்னீகளே."

"அட, அது வியாபாரத்துக்குச் சொல்றதுதானே குமாரி. நாலு பேருக்குச் சொல்றதுதானே."

"நாலு பேருக்கா? ராத்திரி, கட்டில்ல, என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுல்ல சொன்னீக? என்கிட்டயுமா வியாபாரம்?"

அவர் வந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். குடும்ப விஷயம், நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள் என்கிற சிரிப்பு. அந்த நிலையிலும் அவருக்குப் பாக்கெட் விற்கிற யோசனைதான். அக்கா டம்ளரை மேஜையில் வைத்தாள். பிறகு குனிந்து, எல்லார் முன்னாலும், இடது கால் சாக்ஸைக் கழற்றினாள். அது சுலபமாக வரவில்லை, எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுத்தாள்.

தைல வாசனைக்கு அடியில் இருந்தது இப்போது தனியாக வந்தது. முன் வரிசை ஆட்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். இரண்டு விரல்கள் கருகிய மாதிரிக் கறுத்திருந்தன, இடுக்கில் மஞ்சளாகச் சீழ் வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளும் இதன்மேல் தைலத்தைத் தடவி மூடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து குடித்துக் காட்டியிருக்கிறாள்.

"வண்டி கூப்பிடுடி" என்றாள் என்னிடம்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்த நர்ஸ் கருவி கெட்டுவிட்டதோ என்று இன்னொரு தடவை குத்திப் பார்த்தாள். வார்டில் கட்டில் போட்டு, ஊசி ஏற்றி, காலைச் சுத்தம் செய்தார்கள். சாயங்காலம் டாக்டர் வந்தார். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த சின்ன வயதுப் பெண், இந்தியில்தான் பேசினார். இரண்டு விரலும் நாளைக்கு எடுத்தாக வேண்டும், பாதம் நிற்குமா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அது பார்வையாளர் நேரம். கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அத்தானும் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு, கையில் ஆப்பிள் பையோடு வந்து நின்றார். அவர் நிற்கிற திசையில் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தவாயி க்யா லே ரஹீ தீ?" என்று டாக்டர் கேட்டார். இவ்வளவு நாளும் என்ன மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள் என்று.

"இன்சுலின், மேடம்" என்று அத்தான் முந்திக்கொண்டார். "ரெகுலர் லேத்தா ஹை. ஏக் தின் பீ நஹி சோடா."

ஒரு நாள்கூட விடவில்லையாம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்தினாள். தலையணையில் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச மாட்டாள்; அன்றைக்கு வார்டு முழுவதற்கும் கேட்கிற குரலில், தீவில் எல்லாரும் பேசுகிற இந்தியில் பேசினாள்.

"ஜூட் போல்தா ஹை. இன்சுலின் நஹி. லோக் கஜூர் காக்கே குட்லி தூக்தா ஹை நா, ஜெட்டி மே, பக்கெட் மே? ஓஹி. ஓஹி பீஸ்கே பியா மைனே."

பொய் சொல்கிறான், ஜனங்கள் தின்று பக்கெட்டில் துப்பும் கொட்டையைத்தான் அரைத்துக் குடித்தேன் என்கிறாள். ஊசி எடுத்துக்கொண்டிருந்த பெங்காலி நர்ஸின் கை நின்றது. பேச்சுச் சத்தம் கட்டில் கட்டிலாக அடங்கியது. எல்லாரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. பாதிப் பேர் அந்தப் பக்கெட்டில் துப்பியவர்கள், மீதிப் பேர் அதை வாங்கிக் குடித்தவர்கள்.

டாக்டருக்கு மட்டும்தான் அவர் யாரென்று தெரியாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சீ! கிஸ்னே தியா ஆப்கோ?" என்றார். யார் உங்களுக்குக் கொடுத்தது?

அக்கா கையை நீட்டிக் காட்டவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை.

"மேரா ஆத்மி" என்றாள். என் வீட்டுக்காரர்.